ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றும் பதவி

எண்பத்தேழாம் வருஷக் கோடையில், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு அலுவலகம் ஒன்றின் ஜீப், தேவதானம் போகிற வழியில் கொதித்து நின்றது. ரேடியேட்டர் ஒழுகியது. அடைக்கிறதா, மாற்றுகிறதா? நமக்கு இது செத்த நேர யோசனை. அலுவலகத்துக்கு இது பரிசீலனை.

ராஜபாளையத்தில் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் நான், கையிலிருந்த ஒரு நல்ல ரேடியேட்டரை விற்றுவிடலாம் என்று போனேன். அதிகாரி பாஷ்யம் உட்காரச் சொன்னார்.

“மாத்தணும்னா, அடைக்க முடியாதுன்னு தெரியணும். அது தெரிய அடைச்சுப் பாக்கணும். அடைச்சா ஒழுகாது. ஒழுகாததை எப்படிய்யா மாத்துறது?”

“அப்ப அடைச்சிருங்க சார்.”

“அடைக்க மதுரை ஆபீஸ் அனுமதிக்கணும். அவங்க ஜீப்பை நேர்ல பாக்கணுமாம்.”

“ஓட்டிட்டுப் போங்க.”

“அம்புட்டு தூரம் எப்படிப் போகும்? கொதிக்குமே!”

எனக்கே கொதித்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மேற்படி பரிசீலனை முடியும்வரை, பொதுநலன் கருதி, ‘தற்காலிகக் குளிர்விப்பு உதவியாளர்’ ஒருவர் நியமிக்கப்பட்டார். வேலை, குடத்தோடு ஜீப்பின் பின்னால் உட்கார்வது. கொதித்தால் இறங்கி ஊற்றுவது. ஆள் யாரென்றால், மில் மூடி வீட்டில் கிடந்த என் தங்கச்சி மாப்பிள்ளை வைகுண்டராஜ்.

தளவாய்புரம் விலக்கில் ஜீப் புகை விட்டு நிற்கும். காக்கிச் சட்டைக்காரன் பித்தளைக் குடத்தோடு இறங்குவான். யாரோ பெரிய ஆள் என்று சனம் எழுந்து கும்பிடும். இதைப் பார்த்த மற்ற இலாகா அதிகாரிகளுக்குத் தூக்கம் போயிற்று. “நம்ம ஜீப் ஏன்யா கொதிக்க மாட்டேங்குது?” என்று டிரைவர்களை விரட்டினார்கள். குடம் இல்லாத அதிகாரிக்குக் கல்யாண வீட்டில் முன் வரிசை கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து உத்தரவு வந்தது: மாற்றவும். என் கடை ரேடியேட்டரைத்தான் கேட்டிருந்தார்கள். துடைத்து வைத்தேன். அன்றைக்கே தங்கச்சி பரிபூரணம் வந்து நின்றாள்.

“அண்ணே, இதை நீங்க குடுத்தியன்னா அவியளுக்கு வேலை போயிரும்.”

“ஏட்டி, கவர்மென்ட் வண்டி சரியாகக் கூடாதுன்னா கேக்க வந்தே?”

“சரியாகட்டும்ணே. ஒழுகவும் செய்யட்டும்.”

கத்தினேன், ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். அவள் அசையவில்லை. பொறவு உத்தரவை நிதானமாக வாசித்தேன். மாற்றவும் என்றுதான் இருந்தது. ஒழுகாததாக மாற்றவும் என்று எங்கேயும் இல்லை. நல்லதை உள்ளே வைத்துவிட்டு, குவியலில் தேடி வேறொன்றை எடுத்தேன். நல்லதுக்குச் சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மாட்டிய மறுநாள் பாஷ்யம் குனிந்து பார்த்தார். சொட்டியது. எனக்கு வேர்த்தது. அவரோ நிமிர்ந்து பெருமூச்சு விட்டார்.

“நல்லவேளை! எங்கே குடத்தை எடுத்துருவாங்களோன்னு பயந்தேன்.”

வைகுண்டராஜ் நிரந்தரமானான். புது ரேடியேட்டரை அடைப்பதா, மாற்றுவதா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அதில் வெளியாள் நிபுணர் நான்தான். போக வர ஜீப் அனுப்புகிறார்கள்.

முடிவு என்னாச்சு என்று யாராவது கேட்கும்போதெல்லாம், பரிசீலனையில் இருக்கிறது என்கிறேன்.