பதினைந்து சென்டிமீட்டருக்குள் மிக்கேல்

இன்டர்நெட்டை இரும்பு ஸ்கேல் வைத்து அளந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தூத்துக்குடியில், எங்கள் வெப்சைட் ஆபீஸில், எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்கேல் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு உப்புக் கம்பெனிக்கு நான் எழுதிய, நெட்டில் தேடினால் முதலில் தெரியும் டைட்டில் வரியைப் பார்த்தவர் டிராயரிலிருந்து ஸ்கேலை உருவினார். அடிக்கத்தான் வருகிறார் என்று நாற்காலியோடு பின்னால் போனேன். அவர் அதை மானிட்டர் மேல் வைத்தார்.

"ஏலே, பதினஞ்சு சென்டிமீட்டரத் தாண்டுதுல்லா! தேடுதவன் கண்ணுக்கு உப்பே தெரியாது. வெட்டிட்டு மூணு புள்ளி வச்சிரும்."

"அறுபது எழுத்துக்குள்ளதான அண்ணாச்சி இருக்கு?"

"அது இங்கிலீசு கணக்குல. நம்ம 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா? எண்ணாத, அள!"

தன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையிலும் இதே வேலையைக் காட்டியிருக்கிறார். வரிக்குள் அடங்கவில்லை என்று நாலு தாய்மாமன்களை வெட்டிவிட்டாராம். விளாத்திகுளத்திலிருந்து வேன் பிடித்து வந்து சண்டை போட்டார்கள்.

ரெஜினா அக்காவிடம்தான் அவர் தோற்றார். அக்காவின் முந்திரி மக்ரூன் கடைக்குக் கிறிஸ்துமஸ் ஆர்டர் நெட்டில் வந்தால்தான் உண்டு, இல்லையென்றால் பூட்டுதான். ஆனாலும் கடை போர்டில் இருப்பது அப்படியே டைட்டிலாக வர வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். அப்படியே போட்டோம்.

பத்தாம் நாள் அக்கா மூச்சிரைக்க வந்தார்.

"ஒரு ஆர்டர்கூட வரல்ல. மெட்ராஸ்லருந்து ஒரு பொம்பள போன் போட்டு அழுதாவ. அடக்கம் எத்தன மணிக்குன்னு கேக்காவ!"

தேடிப் பார்த்து அரண்டு போனோம். 'புனித அந்தோணியார் துணை, அமரர் தண்டல் மிக்கேல்...' அதோடு சரி. 'பர்னாந்து நினைவு மக்ரூன் கடை' என்பது வெட்டில் போயிருந்தது.

அண்ணாச்சி வெற்றிக் களிப்போடு ஸ்கேலை எடுத்தார். "அமரர எடுங்க. மிக்கேலயும் எடுத்துருவோம்."

அக்கா முகம் செத்துவிட்டது. "எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கல்லறகூட இல்ல தம்பி. தண்டலா தோணி ஓட்டுனவுக, கடல்ல தோணியோட போயிட்டாவ. பேரு ஒண்ணுதான் கரையில கெடக்கு."

அண்ணாச்சி நாற்காலியை மானிட்டர் பக்கம் இழுத்துப் போட்டார். சாப்பிடக்கூடப் போகாமல் எழுதி எழுதி அளந்தார். சாயங்காலம் திரையைத் திருப்பினார்: 'மக்ரூன்: தண்டல் மிக்கேல் பர்னாந்து கடை, தூத்துக்குடி'. அந்தோணியார் டைட்டிலை விட்டு இறங்கி, வெப்சைட் பக்கத்துக்குள்ளே உச்சியில் இருந்தார்.

"அண்ணாச்சி, தாண்டுதே! தூத்துக்குடி வெட்டுப்படும்!"

"படட்டும்ல. ஊரு எங்கனயும் போயிராது."

ஆர்டர் குவிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அக்கா மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார்.

"போன் பண்ணுதவுக எல்லாரும் 'மிக்கேல் கடையா'ன்னுதான் கேக்காவ தம்பி. ஒரு நாளைக்கு எத்தன தரம் அவுக பேரு காதுல விழுது தெரியுமா!"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு மக்ரூனைத் தின்றார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.