மணி நிக்குது

டொய்ங்.

கணினி போட்ட சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகார்ப் பட்டியல் பூஜ்யத்தைத் தொட்டு முழுசாய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சிவப்பு எழுத்தில் புதுசாய் ஒன்று.

‘வாசல்ல மணி நிக்குது. லாரி உள்ள வர முடியலை. அவசரம். கேட் வாட்ச்மேன்.’

மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்குள் கிடங்கு முதலாளி, தன் கேட்டுக்காக இவர்கள் செய்துகொடுத்த புது மென்பொருளை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு புகார் மூடாமல் இருந்தாலும் பேனாவைத் தொட மாட்டார். அவர் போட்டால்தான் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை நிரந்தரம். அந்தக் கடிதம் மேனேஜர் மேஜைமேல் தயாராக இருந்தது.

போதாக்குறைக்கு, புகார் கொடுத்தவரே சரிபார்த்து மூடினால்தான் செல்லும். வாட்ச்மேனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். “சின்னது பெருசுன்னு பாக்காதீங்க. வாசல்ல என்ன பிரச்சனைன்னாலும் செல்போன்லேர்ந்தே இதுல எழுதுங்க” என்று போன வாரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கேட் அறைக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பக்கத்து மேஜையில் புரோகிராம் எழுதுகிறவனுக்கு ஆபீஸில் ‘சோடாபுட்டி’ என்று பெயர்.

“கேட் ஸ்கிரீன்ல மணி நின்னுடுச்சாம்” என்றாள் அவனிடம்.

“நேத்து நீங்கதானே செக் பண்ணீங்க?”

“நேத்து ஓடிச்சு, இன்னிக்கு நிக்குது. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். கடிகாரத்தைப் பாருங்க.”

இருந்த இடத்திலிருந்தே அவன் கடிகாரத்தைத் திருத்தினான். அவள் ‘சரிசெய்யப்பட்டது’ என்று போட்டாள்.

டொய்ங். ‘இல்லை. மணி அதே இடத்துலதான் நிக்குது.’

“அப்ப கடிகாரம் இல்லை” என்றான் சோடாபுட்டி. “லாரி வந்தா அடிக்குமே, அந்த மணி. அதுதான் நின்னிருக்கும்.”

முழுச் சத்தத்தில் மணியை அடிக்கவிட்டான்.

டொய்ங். ‘இப்ப மணி விடாம கத்துது. டிரைவர் பயந்துபோய் இறங்கவே மாட்டேங்கிறார்.’

“என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?”

“சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு போல. மொத்தமா அணைச்சுட்டு மறுபடி கிளப்பறேன்.”

கிளப்பினான். கிளம்பும்போது கேட் ஒரு தரம் தானாகத் திறந்து மூடும். அது வழக்கம்தான்.

டொய்ங். ‘மணி உள்ள பூந்துடுச்சு. ஆபீஸ் பக்கம் போகுது.’

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “கோளாறு பரவுது. கேட்லேர்ந்து கிடங்கு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு.”

“வைரஸா?”

“வைரஸ்கூட இவ்வளவு வேகமாப் போகாதுங்க.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, பேச்சுச் சத்தம் கேட்டு மேனேஜரும் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மறுபடி டொய்ங்.

‘மணி முதலாளி ரூம்ல போய்ப் படுத்துடுச்சு.’

“அவர் ரூம் கம்ப்யூட்டரும் படுத்துடுச்சா?” மேனேஜர் திரையை நோக்கிக் குனிந்தார். “அங்கதானே அவர் கையெழுத்துப் போட உக்காந்திருக்கார்?”

மேனேஜர் தன் மேஜைக்குப் போனார். கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

“நானே முதலாளிகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன். எல்லாத்தையும் திரும்ப வாங்கிக்கறோம்னு சொல்லிடறேன்.”

அவர் கை வைக்குமுன் போனே அடித்தது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். ஸ்பீக்கரைப் போட்டார். வாட்ச்மேன்தான்.

“லாரி மேலேர்ந்து இப்பதாங்க இறங்கினேன். புகாரை மூடிட்டேன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க.”

“முதலாளி என்ன சொல்றார்?” என்றார் மேனேஜர், கண்ணை மூடிக்கொண்டு.

“தன்னைத் தேடி வீட்டுலேர்ந்து வந்த நாய்க்குக்கூடத் தானாக் கேட்டைத் திறந்துவிடுற சாப்ட்வேர் வேற எங்க கிடைக்கும்னு சொல்லி, மணியைத் தடவிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாருங்க.”