சாவந்த் சேர் கடித்த பணிஸ்

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. (நான் மட்டும் இல்லை, எனக்குச் சம்பளம் தந்தவர்களும் நம்பினார்கள்.) அந்த நம்பிக்கை முடிவுக்கு வந்த நாளில், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் மாலையும் கழுத்துமாக இருந்த ஒரு பெரிய மனிதரின் வாயிலிருந்து நான் சாப்பாட்டைப் பறித்தேன். முன்வரிசைக் கதிரையில் என்னுடைய அம்மாவும் இருந்தா.

அப்போது நான் கலியாணமாகாத இருபத்துமூன்று வயதுப் பெண். கண்டாவளைப் பக்கம் ஒரு கிராமத்தில் குடிதண்ணீர்த் தாங்கி கட்ட வந்த கம்பனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்திருந்தது. பொறியியலாளர் இந்தியாவில் ரத்னகிரிப் பக்கத்தவர். மராட்டியர். பெயர் சாவந்த், எங்களுக்குச் சேர் (சார்). தமிழில் அவருக்கு "வணக்கம்", "தண்ணி", "காணும்" (போதும்) என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். கிராமத்துக்காரருக்கு மராட்டியும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாக வராது. ஆகவே நான் வாய் திறக்காவிட்டால் அங்கே சீமெந்துகூடக் குழைபடாது. இந்த எண்ணம் என் தலைக்குள் ஏறிக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வேலை தொடங்கிய முதல் நாள் மேசன் மணியண்ணை வீட்டில் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. மணியண்ணைதான் அந்த வேலைக்குத் தலைமை மேசன். பக்கத்துக் கடல்நீர்க் களப்பில் பிடித்த இறால், குழம்பும் பொரியலுமாக, குசினி அடுப்பில் மூடியிருந்தது. சேர் வெறும் இலையைப் பார்த்தார், கையைக் கூப்பினார், ஏதோ சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் சொற்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும். நான் கடைசிச் சொற்களை எட்டிப் பிடித்தேன். மச்சம், எனி டே, சாப்பிடுவதில்லை.

"சேர் ஒரு நாளும் மச்சம் தொடமாட்டாராம். சுத்த சைவம்" என்று அறிவித்தேன். (மீன், இறைச்சி, முட்டை எல்லாம் எங்களுக்கு மச்சம்தான்.)

மணியண்ணையின் மனைவி பதறிப்போய் இறால் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினா. சேருக்குப் பருப்பும் பூசணிக்காயும் வந்தன.

அதற்குப் பிறகு அந்த மனிதர் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் நான் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுவேன். என்னைக் கண்டதும் குசினிகளில் மீன் சட்டிகள் ஒளிந்தன. வேலையாட்கள்கூடத் தங்கள் சாப்பாட்டுப் பார்சலைத் தாங்கிக்குப் பின்னால் கொண்டுபோய், திருட்டு வேலை செய்பவர்கள்போல அவிழ்த்தார்கள். ஒருநாள் சேர் களப்புப் பக்கம் நீண்டநேரம் பார்த்துவிட்டு, "இங்கே ஒருவரும் மீன் பிடிப்பதில்லையா?" என்று என்னிடம் கேட்டார். "கவலைப்படாதீர்கள் சேர், உங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள்" என்றேன். அவர் பெருமூச்சுவிட்டார். நிம்மதியில் விடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிய ஒரு மாதம் இருக்கும்போது மனிதருக்கு ஊர் ஞாபகம் பிடித்துக்கொண்டது. போனில் ஒரு படத்தைக் காட்டினார். உருளைக்கிழங்கை அவித்துப் பிசைந்து, உருட்டி, கடலைமாவில் தோய்த்துப் பொரித்து, பணிசை, அதாவது பன்னைப் பிளந்து நடுவில் வைத்திருந்தது. பெயர் வடா பாவ். அவருடைய ஊர் பஸ் நிலையத்தில் நின்றபடி சாப்பிட்டுவிட்டு ஓடுகிற சாப்பாடாம். கிளிநொச்சியில் கொத்துரொட்டி எப்படியோ அப்படி. கிளிநொச்சி தொடங்கி வவுனியா வரைக்கும் ஏ-ஒன்பது வீதியில் தேடிப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. கனகராயன்குளத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு ஒரு தட்டில் உழுந்து வடையும் இன்னொரு தட்டில் கால்றாத்தல் பாணும் (பிரெட்டும்) வைத்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எனக்கு நெஞ்சு உருகியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"வடை பாவமோ? ஆருடைய பாவம்?" என்றா அம்மா.

படத்தை விளக்கினேன்.

"உது கிழங்கு போண்டா எல்லோ! உதுக்கே அந்த மனுசன் ஒரு வருசமாய் ஏங்கினது? முதலே சொல்லியிருந்தால் கிழமைக்கொருக்கால் சுட்டுக் குடுத்திருப்பனே."

திட்டம் தயாரானது. தாங்கித் திறப்புவிழாவன்று, அதே மேடையில் சேருக்குப் பிரியாவிடையும் இருந்தது. அன்று அவர் வாயில் வடா பாவ் விழவேண்டும். வவுனியாவிலிருந்து எங்கள் பெரிய மனேஜர் வருகிறார். என் வேலையை இன்னொரு வருடம் நீட்டுவதா இல்லையா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். (உருகிய நெஞ்சு கணக்கும் பார்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

அம்மா விடியவே எழும்பி முப்பது போண்டா சுட்டா. அவற்றைப் பரந்தனில் ஒரு பேக்கரிக்குக் கொண்டுபோனேன். பேக்கரிக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "பிளந்து வைச்சால் பிதுங்கி விழும் பிள்ளை. நான் மாவுக்குள்ளை வைச்சு மூடி வெதுப்பித் தாறன், வடிவாய் இருக்கும்" என்றார். வெளியே பார்த்தால் உள்ளே போண்டா இருப்பதே தெரியாத, உருண்டைப் பணிஸ்கள் வந்தன. அங்கேயே வேலையாட்களின் தேத்தண்ணிக்கு முப்பது மீன் பணிசும் சொல்லியிருந்தேன். அவையும் அதே உருண்டை, அதே நிறம், அதே மாதிரிப் பெட்டி.

"பெட்டியிலை எழுதிவிடட்டோ?" என்று பேனையை எடுத்தார்.

"தேவையில்லை அண்ணை, இடப்பக்கம் வடை, வலப்பக்கம் மீன். எனக்கு ஞாபகம் இருக்கும்."

ஞாபகம் இருந்ததுதான். ஆனால் ஓட்டோவில் நான் ஏறியது ஒரு பக்கத்தால், இறங்கியது மற்றப் பக்கத்தால். வெளியே நின்று பார்க்கும்போது இடம் எது, வலம் எது என்பதை எனக்கு எவரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

விழா தொடங்கியது. மாலை, விளக்கு, குழாயைத் திறந்ததும் கைதட்டல் எல்லாம் சரியாகவே நடந்தன. அறிவிப்பாளரும் நானே. மைக்கைப் பிடித்து, "ஒரு வருடமாக எங்கள் மண்ணில் இருந்தும் ஒரு மச்சத்துண்டைக்கூட வாயில் வைக்காத உத்தமர்" என்று தொடங்கி, சேரின் புகழை நீட்டி முழக்கினேன். பிறகு, அவருடைய சொந்த ஊர்ச் சாப்பாட்டை அவருக்குத் தருகிறோம் என்று அறிவித்தேன். பூ வைத்த தட்டில் பணிஸ் போனது. மேடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. கீழே வேலையாட்களுக்கு மற்றப் பெட்டி போனது. ஆனால் முதல் கடி சேருக்குத்தான் என்று சொல்லிவைத்திருந்தேன். எல்லாரும் கையில் பணிசோடு காத்திருந்தார்கள். "வடா பாவ்!" என்று மைக்கில் கத்தினேன். சேரின் முகம் மலர்ந்தது. பெரிதாக ஒரு கடி கடித்தார்.

அந்த நேரம் மேடைக்குக் கீழே மணியண்ணை தன் பணிசைப் பிய்த்துத் தூக்கிப் பிடித்தார்.

"என்ன பிள்ளை இது? பணிசுக்குள்ளை போண்டா கிடக்கு!"

நான் பார்த்தேன். மஞ்சளாக, உருண்டையாக, அம்மாவின் கைப்பக்குவம் அங்கே மணியண்ணையின் கையில் இருந்தது. அப்படியென்றால் சேரின் வாயில் இருப்பது எது?

மைக்கை எறிந்தேன். (அது "டொம்" என்று விழுந்த சத்தத்தில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.) இரண்டே எட்டில் பாய்ந்து, சேரின் கையில் இருந்த பணிசைப் பறித்தேன். அவர் திகைத்துப்போய் வாயை மூடிக்கொண்டார். வாயின் ஓரத்தில் பணிசின் நுனி தெரிந்தது. அதையும் விரலால் பிடித்து இழுத்தேன். பிறகு, சின்னப் பிள்ளைக்குப் பிடிப்பதுபோல அவருடைய நாடிக்குக் கீழே என் உள்ளங்கையை ஏந்தி, "ஸ்பிட், சேர், ஸ்பிட்! துப்புங்கோ! காறித் துப்புங்கோ!" என்று கத்தினேன்.

மனேஜர் கதிரையோடு பின்னுக்குப் போனார். "ஐயோ, பெடிச்சி பசியிலை நிக்குதோ?" என்று ஒரு பெண் கேட்டது தெளிவாக என் காதில் விழுந்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா.

சேர் துப்பவில்லை. மெல்ல மென்றார். விழுங்கினார். கண் கலங்கியிருந்தது.

"மீன் சேர்!" என்றேன், அழுகையோடு. "பிழை நடந்துபோச்சு. அது மீன்!"

"மீனா?" என்றார். என் கையில் நசுங்கிக் கிடந்த பணிசைப் பார்த்தார். "இங்கே மீன் சாப்பிடுவீர்களா?"

"நாங்கள் சாப்பிடுவோம் சேர். நீங்கள்தான்..."

"நானா? நான் கடற்கரை ஆள் அம்மா! மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பே எரியாது. ஒரு வருடமாக இந்த ஊர் முழுக்கச் சைவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் பூசணிக்காய் தின்றேன்."

"முதல் நாள் நீங்கள் சொன்னீர்களே, எனி டே சாப்பிடமாட்டேன் என்று?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனி டே இல்லை, மண்டே" என்றார். "அன்றைக்குத் திங்கட்கிழமை. திங்களில் மட்டும் சிவனுக்கு விரதம்."

இதை நான் கூட்டத்துக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக, ஒரு சொல்லும் விடாமல் நான் மொழிபெயர்த்தது அன்றுதான். சொல்லி முடித்ததும் மணியண்ணையின் மனைவி எழும்பி நின்றா.

"எடியே! ஒரு வருசமாய் எத்தினை சட்டியை நான் கோழிக்கூட்டுக்குள்ளை ஒளிச்சனான் தெரியுமே? என்ரை பிள்ளையளை மீன் எண்டு சத்தம்போட்டுச் சொல்லவும் விடேல்லை!"

அதன்பிறகு கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. சேர் என் கையிலிருந்து அந்த நசுங்கிய பணிசைப் பவ்வியமாகத் திருப்பி வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சாப்பிட்டார். கடைசியில் மணியண்ணை கொண்டுவந்து கொடுத்த போண்டாப் பணிசையும் கடித்துப் பார்த்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"உங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். மிக ருசி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும், "ஆனால் இது வடா பாவ் இல்லை" என்றார்.

(முதல் பாதியை மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.)

அன்று மத்தியானம் சேருக்கு ஏழு வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. இறால், நண்டு, ஜிலேப்பி மீன், கணவாய் எல்லாம் வந்தன. அவர் நிலத்தில் சம்மணம்கட்டி இருந்து, வியர்க்க வியர்க்க, ஒரு சொல்லும் பேசாமல் சாப்பிட்டார். அடுத்த நாள் விமானம். விமானத்தில் ஏறும்வரை தனக்கு நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்று பிறகு செய்தி அனுப்பியிருந்தார்.

என் வேலையை மனேஜர் ஒரு வருடம் நீட்டினார். கடிதத்தின் கீழே தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "விருந்தினர் உணவு தொடர்பாக இவர் மொழிபெயர்ப்பதை இன்னொருவரும் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்."

இதெல்லாம் அத்தோடு போயிருக்கும். ஆனால் மூன்று வருடம் கழித்து எனக்குக் கலியாணம் நடந்தது, மணியண்ணையையும் அம்மா கூப்பிட்டிருந்தா. தாலி ஏறியது, பால்பழம் கொடுக்கும் நேரம் வந்தது. நான் தலையைக் குனிந்து, வாழைப்பழத் துண்டை மாப்பிள்ளையின் வாயில் வைத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து மணியண்ணையின் குரல் வந்தது.

"தம்பி! கெதியாய் விழுங்கும்! பிள்ளை திரும்பப் பறிச்சுப்போடும்!"

மாப்பிள்ளைக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது. ஆனால் அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிகிற ஆள். அப்படியே முழுதாக விழுங்கினார். புரைக்கேறி, கண் பிதுங்கி, ஐயர் முதுகில் தட்ட, பெரியப்பா விசிற, நான் பால் டம்ளரோடு நிற்க, அவ்வளவும் கலியாண வீடியோவில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அம்மா அந்த இடத்திலிருந்துதான் போடுவா. வீடியோவில் என் தலை நெஞ்சைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருக்கும். தோள் இரண்டும் குலுங்கும். "பாவம் பொம்பிளை, பயந்து அழுகிறா" என்பார்கள் பார்ப்பவர்கள்.

"அழேல்லை, சிரிச்சவா" என்று என் கணவர் திருத்துவார். சொல்லும்போது வாயில் இருப்பதை முதலில் விழுங்கிவிட்டுத்தான் சொல்லுவார்.