சாரத்துக்கு மேலே ஒரு டை

கண்டி மாநகரத்தில் டை கட்டிக்கொண்டு கருவாடு வாங்கப் போன ஒரே மனிதர் எங்கள் டை மாத்தயாதான். அப்படி இன்னொருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள், இரண்டு பேருக்கும் போட்டி வைத்துப் பார்க்கலாம். கருவாட்டுக் கடைக்குள் போய், பேரம் பேசி, நாலு பொதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டையில் துளி வாசம் ஒட்டாமல் வெளியே வருவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

கட்டுக்கலையில் ஒரு போர்டிங்கில் நாங்கள் இருவரும் ஒரே அறை. இருவரும் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர் எனக்கு மூன்று வயது மூப்பு. வாவிக்கு மேலே மலையில் இருந்த ஒரு ஹோட்டலில், வருகிறவர்களை வரவேற்கும் மேசையில் அவருக்கு வேலை; எனக்குப் பின்பக்கத்துச் சாமான் அறையில். போர்டிங் நடத்திய சிங்கள அம்மாவை நோனா என்போம்; அவர் எங்களையெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். என் அறைக்காரரை மட்டும் 'மாத்தயா' என்பார். பெரிய ஆபீசர்களை அழைக்கிற மரியாதைச் சொல் அது. நாங்கள் அதற்கு முன்னால் டையைச் சேர்த்தோம். அவருடைய சொந்தப் பெயர் அந்த வீட்டில் யாருக்குமே தேவைப்படவில்லை.

அறையில் இருந்தது ஒரே அலுமாரி. அது முழுக்க அவருடைய ஐந்து சேர்ட்டுகளும் மூன்று டைகளும் காற்றோட்டமாகத் தொங்கும். என் உடுப்பெல்லாம் கதிரையில் குவிந்திருக்கும். என்னைப் பார்க்க வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள்.

பிறகு நாட்டில் பெட்ரோல், காஸ், கரண்ட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போன வருடம் வந்தது. வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது, ஹோட்டலையும் மூடினார்கள். சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் இருவரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கலஹா பஸ் ஏற வேண்டியதுதான். படித்து டவுனுக்குப் போனவன் வேலையில்லாமல் திரும்பினால் தோட்டமே வாசலில் வந்து நின்று விசாரிக்கும். அதை நினைத்தே நான் பாதி இளைத்துப் போனேன்.

வேலை போன மறுநாள் காலை ஏழரைக்கு டை மாத்தயா குளித்து, சவரம் செய்து, சப்பாத்தைப் பளபளவென்று துடைத்து, டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல தம்பி."

"பின்ன எதுக்கு டை?"

"வேல போனது நமக்குத் தெரிஞ்சா போதும். சட்டைக்கு எதுக்குத் தெரியணும்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். மனிதரோ ஒரு நாள்கூட விடவில்லை. கரண்ட் இல்லாத நாட்களில் எங்கிருந்தோ ஒரு பழைய கரி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வந்து, சிரட்டைக் கரியை ஊதி ஊதி அயன் பண்ணுவார். முகம் துடைக்கிற கைலேஞ்சி தப்பாது, காலுறை தப்பாது. ஒரு நாள் என் பனியனைக்கூட விடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் நோனா தன்னுடைய பழைய காரைப் பெட்ரோல் கியூவில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். வேலையில்லாதவர்கள்தானே, போனோம். காரில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. டை கட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், கட்டாத நான் பின்னால் நின்று தள்ளினேன். பார்த்தவர்கள் எல்லாம் என்னை அவருடைய வேலையாள் என்றே முடிவுகட்டினார்கள்.

கியூவில் நின்ற இரண்டாம் நாள் ஒரு வேன்காரன் நடுவே புகுந்தான். ஒரே கூச்சல். டை மாத்தயா இறங்கினார். எந்த நேரத்தில் இன்டர்வியூ வருமோ என்று சேர்ட்டிபிகேட் பைலை எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பார். அதிலிருந்து தன் பயோடேட்டாவை எடுத்துத் திருப்பி, வெறும் பக்கத்தில் வாகன நம்பர்களை முதலிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே நடந்தார். அவ்வளவுதான். கூச்சல் அடங்கியது. வேன்காரன் தானாகவே பின்னால் எடுத்துக்கொண்டு போனான். எந்த டிபார்ட்மென்ட் என்று யாரும் கேட்கவில்லை. டையும் பைலும் ஒன்றாக வந்தால் நம் நாட்டில் யார்தான் கேட்பார்கள்? அதன்பிறகு சாப்பிடப் போகிறவர்கள்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஒருவர் மட்டும் கேட்டார். அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், எங்களுக்கு மூன்று வாகனம் பின்னால் நின்றவர்.

"தம்பி, நீங்க எந்த டிபார்ட்மென்ட்? செல்லுங்களே."

"ஒரு டிபார்ட்மென்டும் இல்லங்க ஹாஜியார். வேல இல்லாம நிக்கிறேன்."

ஹாஜியார் அந்த நம்பர் லிஸ்டை எட்டிப் பார்த்தார். "வேல இல்லாத ஆளா எங்க எல்லாரையும் இப்பிடி வேல வாங்கின? திங்கக்கெழம கடைக்கி வாங்க. மெனேஜர் ஒராள் தேவையா ஈக்கி."

திங்கட்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அக்குறணை டவுன் ஒரு மழைக்கே ஆறாகிவிடும். டவுனுக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டான். ரோட்டில் முழங்காலளவு தண்ணீர். குடை பிடிக்க நானும் கூடப் போயிருந்தேன்.

"திரும்பிப் போயிருவோம்ணே," என்றேன்.

அவர் பையிலிருந்து ஒரு சாரத்தை எடுத்து இடுப்பில் சுற்றினார். அதற்குள்ளேயே காற்சட்டையைக் கழற்றி, மடிப்புக் குலையாமல் மடித்து, சப்பாத்தோடு பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். மேலே வெள்ளைச் சேர்ட்டும் நீல டையும். கீழே முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய கட்டம் போட்ட சாரம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவர் நடக்க, கடை வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. கடையருகே ஒரு குழாயில் காலைக் கழுவி, குடை மறைவில் காற்சட்டையை மாட்டி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியேறியபோது அவர் மேல் ஒரு சேற்றுப் பொட்டுக்கூட இல்லை.

ஹாஜியார் எல்லாவற்றையும் மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். நீட்டிய பைலைத் திறக்கவே இல்லை.

"என்ட கடைல எட்டுப் பேர் ஈக்காங்க. தண்ணி வந்தா துணியப் போட்டுட்டு ஓடுவாங்க. நீங்க ஒரு காச்சட்டைய இப்பிடிக் காப்பாத்துறீங்க! நாளைக்கே வந்து சேருங்க."

பத்து நாள் கழித்து எனக்கு அழைப்பு வந்தது. கடையின் சாமான் அறைக்கு ஆள் வேண்டும், இன்டர்வியூவுக்கு வரச் சொன்னார் புது மெனேஜரான டை மாத்தயா. நம்ம அண்ணன்தானே என்று கதிரையிலிருந்து கைக்குக் கிடைத்த சேர்ட்டை உருவி மாட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போய் அயன் பண்ணிட்டு வாங்க. இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு."

ஒரே சட்டியில் பருப்புச் சாப்பிட்ட மனுசன் பேசுகிற பேச்சா இது? அக்குறணையில் ஒரு லோன்றிக்காரன் முன்னால் வெற்றுடம்போடு நின்று அவரைத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்து, சூடு ஆறாத சேர்ட்டைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன்.

அவர் எழுந்து நின்றார். கடையில் இருந்த எட்டுப் பேரும் பார்த்திருக்க, கதிரையை எனக்காக இழுத்துப் போட்டார்.

"வாங்க சார், உக்காருங்க."

தோட்டத்து லயத்திலும் சரி, ஹோட்டலிலும் சரி, அதுவரை நான் 'டேய்'தான். ஒருவர்கூட என்னை 'சார்' என்று கூப்பிட்டதில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க முழுப் பேர் என்ன சார்?" சேர்ட்டின் மேல் பட்டனையும் பூட்டிக்கொண்டு, அப்பா பேரோடு சேர்த்து என் முழுப் பேரைச் சொன்னேன்.