ஜீப் மேல் வைத்த திசைகாட்டி

விமானம் ஓட்டியவர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். தரைக்கு வந்த பிறகும் அது இறங்காது. எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது, கடலில் ஆடிக்கொண்டிருந்த கப்பலின் மேல்தளத்தில் விமானத்தை இறக்கியவன் நான். அதே நான் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பின் எல்லையைத் தொலைத்த கதையைக் கேளுங்கள்.

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, சட்டம் படித்து, ராஜபாளையத்தில் கறுப்புக் கோட்டு மாட்டி, ஒருவழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் அரசு வக்கீலும் ஆகிவிட்டேன். (கட்சிக்காரர்கள் யாரும் வராததால் அரசாங்கமே இரக்கப்பட்டது என்பாள் என் மனைவி.) முதலில் வந்த நில வழக்கு சோழபுரத்துச் செல்லத்தாயக்காவுடையது. அவருடைய தோப்பில் மலையோர வரிசை மரங்கள் அரசு நிலத்தில் நிற்கின்றன என்பது எங்கள் வாதம். புருஷன் வைத்துவிட்டுப் போன மரங்கள். அந்தக் காய்ப்பை நம்பித்தான் அந்தம்மா மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

வேறு வக்கீலாக இருந்தால் அரசாங்கத்திடம் இருந்த பழைய வரைபடத்தை நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் சும்மா இருப்பேனா? "சர்வேயர் எதுக்கு? நானே கோடு போட்டுத் தாரேன்" என்று கிளம்பினேன். பெட்டியிலிருந்து கடற்படைக் காலத்துத் திசைகாட்டியை எடுத்துக்கொண்டேன். தோப்பில் மேசை ஏது? ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை விரித்து, அதன்மேல் திசைகாட்டியை வைத்து, எல்லைக்கல்லிலிருந்து சர்ரென்று ஒரு கோடு இழுத்தேன். "சார் பெரிய ஆளு!" என்று டிரைவர் சொன்னது வேறு தலைக்கு ஏறிவிட்டது. சரிபார்க்காமலே தாக்கல் செய்துவிட்டேன்.

விசாரணையன்று நீதிபதி என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வக்கீல் சார், உங்க கோட்டுப்படி மரமெல்லாம் அந்தம்மாவோடது. பக்கத்துல இருக்கிற அரசாங்கக் காவல் கொட்டகையும் அவங்க தோப்புக்குள்ளதான் வருது. அரசுத் தரப்பு ஒத்துக்குதா?"

நான் படத்தை எட்டிப் பார்த்தேன். அதற்குள் செல்லத்தாயக்கா பதறி எழுந்துவிட்டார். "ஆத்தாடி! கொட்டகை எனக்கு வேண்டாம்யா. அத அவியளே வச்சுக்கிடட்டும். எம் மரத்த விட்டாப் போதும்."

கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எப்படி வரைந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். "ஜீப் மேல வச்சு..." என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்தினேன். இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் முள் திசைமாறும். பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதான். பொறவு எத்தனை பேருக்கு நானே சொல்லித் தந்திருக்கிறேன்! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "தப்பு என்னோடதுங்க ஐயா" என்றேன்.

என் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழைய படமும் வேண்டாமென்று சர்வேயரைக் கொண்டு முறையாக அளக்கச் சொன்னார் நீதிபதி. அளந்ததில் கொட்டகை அரசாங்கத்துக்கு, மரங்கள் செல்லத்தாயக்காவுக்கு என்று முடிவானது. பழைய படமே சரியில்லையாம். ஒழுங்கான வக்கீலாக நான் அதை நீட்டியிருந்தால் அந்த மரங்கள் போயிருக்கும். வழக்கில் தோற்றுவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் சட்ட அதிகாரியாகச் சென்னை வரை போய்ப் பணிஓய்வும் பெற்று ஊர் திரும்பியாயிற்று. இன்னமும் சித்திரை பிறந்தால் போதும், செல்லத்தாயக்காவின் மகள் ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தோடு வந்துவிடுகிறாள். என் மனைவி கூடையை வாங்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடுவாள்.

"இவிய வாதாடி ஜெயிச்சுக் குடுத்தவங்க ஒரு எலுமிச்சம்பழங்கூடத் தந்ததில்ல. வருசா வருசம் கூடை கூடையாத் தாரது இவியளத் தோக்கடிச்ச பார்ட்டிதான்!"