மாஸ்டரின் சிவப்பு அம்பு

கோயில் பாடகர் குழுவில், ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் நான்கு நாற்காலிகளும் காலி. ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது.

"எங்க போய்ட்டானுங்க?" ஞானாபரணம் மாஸ்டர் ஆர்கன் மேல் ஓங்கி அடித்தார்.

"ஃபேக்டரில ஷிப்மென்ட்டாம் மாஸ்டர். நாலு பேருக்கும் ஓவர்டைம். எபநேசர் போன் பண்ணான்," என்றாள் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடும் ரூபாவதி.

"ஞாயித்துக்கிழமையா? ஆண்டவரோட நாள்ல இன்னா ஷிப்மென்ட்டு?"

மூன்று வாரத்தில் அறுப்பின் பண்டிகை. பேராயர் வருகிறார். நான்கு குரலும் சேராவிட்டால் வாலிபர் சங்கத்தின் கிதார் கோஷ்டியைப் பாட விட்டுவிடுவேன் என்று சபைப் போதகர் ஐயர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவருக்கு அது உயிரோடு புதைப்பது மாதிரி.

குழுவில் மற்ற எல்லோருக்கும் பைபாஸ் ஓரத்து ஷூ ஃபேக்டரியில் வேலை. மாஸ்டருக்கு மட்டும் வேறொரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. தோலில் கீறலோ மடிப்போ இருந்தால், அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். போன மாதம் முதல் அந்த ஸ்டிக்கர் கோயிலுக்கும் வந்துவிட்டது. சுருதி விலகினால் வெள்ளை அங்கியின் தோளில் ஓர் அம்பு. ஆராதனை முடியும்வரை எடுக்கக் கூடாது.

"தோலா இருந்தா இன்னா, தொண்டையா இருந்தா இன்னா? டிஃபெக்ட்னா டிஃபெக்ட்தான்!"

அன்று டெனரையும் ஆல்டோக்களே பாட வேண்டும் என்றார். இரண்டாவது சரணத்தில் ரூபாவதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று அம்புகள். திருவிருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் தோளையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஆண்டவருக்குத்தான பாடுறோம் மாஸ்டர்? பரீட்சையா எழுதுறோம்?" என்று அவள் வெடித்தாள்.

"அதனாலதான் சொல்றேன். ஆண்டவருக்கு செகண்ட் குவாலிட்டி அனுப்ப முடியாது!"

அடுத்த ஞாயிறு ஆல்டோக்களுக்கும் ஓவர்டைம்.

"பொம்பளைங்களையுமா?" மாஸ்டர் கொதித்தார். ஃபேக்டரி மேனேஜருக்குக் காரசாரமாக ஒரு மனு எழுதி, ஐயரிடம் கையெழுத்தும் வாங்கினார். புதன்கிழமை பயிற்சிக்கு வந்த எபநேசரிடமே கொடுத்தனுப்பினார். மறுநாளே போன் போட்டார்.

"குடுத்தியாடா?"

"குடுத்துட்டேன் மாஸ்டர். படிச்சிட்டு மேனேஜர் ரொம்ப பேஜாராய்ட்டாரு. இந்த வாரம் இன்னும் ஜாஸ்தி ஆளுங்கள வரச் சொல்லிட்டாரு."

"திமிரு! இருக்கறவங்கள வச்சே பாடிக் காட்டுறேன்."

வெள்ளிக்கிழமை, மிச்சமிருந்த பேஸ்காரர்களையும் சோப்ரானோக்களையும் வரச் சொல்லி மூன்று மணி நேரம் வாட்டி எடுத்தார். ஸ்டிக்கர் அட்டை தீர்ந்துபோய் புது அட்டை பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் மாஸ்டரும் ஆர்கன்காரரும் மட்டுமே இருந்தார்கள். ஐயர் மணியைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். பிறகு கிதார் கோஷ்டியைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாஸ்டர் அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடி ஆட்டோவில் ஏறினார். பைபாஸ் ஓரத்தில் ஃபேக்டரி கேட் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

வாட்ச்மேன் சுஹேல் அகமது டீ குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

"தொறய்யா! ஒரு வாரமா, ரெண்டு வாரமா? எத்தினி பேரு வயித்தெரிச்சலக் கொட்டிக்கிறீங்க! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம போவ மாட்டேன்!"

சுஹேல் அகமது டீயைக் கீழே வைத்தார். வெள்ளை அங்கியை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர, சின்னக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஓ, நீங்களும் ஓவர்டைமா சார்? நேரா சைக்கிள் ஷெட்டுக்குப் போங்க, எல்லாரும் அங்கதான் சாமி பாட்டு ஜோரா பாடிக்கினு இருக்காங்க. இன்னிக்கு ஃபேக்டரி லீவுன்னு அந்த மாஸ்டருக்கு மட்டும் சொல்லிடாதீங்க!"