கழுவிக் கொடுத்த கிண்ணம்

எதிர்வீட்டில் வேற்று நாட்டுக் குடும்பம் ஒன்று குடிவந்த அன்றே நான் சட்டம் போட்டுவிட்டேன்.

"அவங்க கதவு அவங்களுக்கு, நம்ம கதவு நமக்கு. நேர்ல பார்த்தா ஒரு சிரிப்பு. அதுவும் பல்லு தெரியாம."

எனக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. கதவு ஒழுங்காக மூடினால்தான் லிஃப்ட் நகரும். குடும்பமும் அப்படித்தான் என்பது என் கொள்கை.

"ஏறினவங்க இறங்கணும்னா கதவு திறக்க வேணாமா?" என்றாள் என் வீட்டம்மா.

காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். கொள்கை உள்ளவன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தாள்: "நீங்க காலையில போனா இருட்டித்தான் வர்றீங்க. அதுவரைக்கும் எனக்குப் பேச்சுத்துணை பாப்பாதான். அவளும் 'ங்கா'வைத் தாண்டி வரமாட்டேங்கறா. ஒரு மனுஷி முகத்தைப் பார்த்துப் பேசணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"போன வீட்டுல முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினே. பக்கத்து வீட்டுக்கு இரவல் போன என் ஏணி, போனது போச்சு."

"ஏணிதானே போச்சு? நீங்க இருக்கீங்கள்ல?"

இது பாராட்டா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரிதான். கையில் மூடி போட்ட நீலக் கிண்ணம். பின்னால் அவள் புருஷன், பஸ் டிரைவர். அறையையே கூட்டிப் பெருக்கலாம், அவ்வளவு பெரிய மீசை. அதனால் நான் வைத்த பெயரும் மீசை. இரண்டு பேரும் கிண்ணத்தை நீட்டினார்கள், சிரித்தார்கள், போனார்கள். அவர்கள் சிரிப்பில் பல்லெல்லாம் தெரிந்தது.

உள்ளே ஏதோ இனிப்பு. நான் ருசி பார்க்க மட்டும்தான் எடுத்தேன். ருசி கிண்ணத்தின் அடிவரைக்கும் இருந்தது, என் தப்பில்லை.

"பாத்திரத்தை வெறுசா கொடுக்க மனசு வரலைங்க. ஏதாவது போட்டுக் கொடுக்கட்டுமா?"

"போட்டியோ கெட்டே! நீ போட, அவ போட, அதுக்கு முடிவே கிடையாது. நல்லாக் கழுவி, வெறுங்கிண்ணமா திருப்பிக் கொடு. ஒரே நாள்ல உறவு அறுந்துடும்."

"நீங்க சொன்னா சரிதாங்க."

என் வீட்டம்மா முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டால் நான் உஷாராகிவிட வேண்டும். வயிற்றில் இனிப்பு இருந்ததால் அன்றைக்கு ஆகவில்லை.

"ஆனா எனக்குக் கூச்சமா இருக்கு. நீங்களே போய்க் கொடுத்துடுங்க," என்றவள், கிண்ணத்தைத் துணியால் துடை துடை என்று துடைத்தாள்.

"எதுக்கு இவ்வளவு பளபளப்பு?"

"வெறுங்கிண்ணம்னு தூரத்துலேயே தெரியட்டுமே."

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போய் நீட்டினேன். மீசை மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே தன் முகம்தான் தெரிந்திருக்கும். அதற்கே அவர் கண் விரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பூரித்துப் போனாள். அவர் என் தோளில் ஓங்கித் தட்டினார். உறவு அறுகிற சத்தம் இப்படியா இருக்கும் என்று தோளைத் தடவிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கிண்ணம் வரவில்லை. சட்டி வந்தது.

"புத்தி வரலை போல. இதையும் வெறுசா கொடு!" என்றேன், சாப்பிட்டு முடித்துவிட்டு.

துடைத்தாள். கொடுத்தேன். இந்தத் தடவை மீசை என்னைக் கட்டியே பிடித்துவிட்டார். அடுத்து வந்தது சட்டியில்லை, அண்டா. இரண்டு பேர் காது பிடித்துத் தூக்கி வந்தார்கள்.

"இவங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கத்தினேன்.

"பாவம், அவங்க ஊர்ல வேற மாதிரியோ என்னவோ."

"எந்த ஊரா இருந்தாலும் சாப்பாட்டைத் தொடாம திருப்பி அனுப்பினா புரியாமலா போகும்?"

"ஐயையோ, அது மட்டும் வேணாங்க!"

வேணாங்க என்றாள் அல்லவா? அது போதும் எனக்கு. அண்டாவை மூடி திறக்காமல் இழுத்துக்கொண்டு போய் எதிர்வாசலில் வைத்தேன். மீசை உள்ளே எட்டிப் பார்த்தார். அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று வந்து, லுங்கிக்கு மாறி, நாற்காலியில் காலை நீட்டினேன்.

கதவு தட்டும் சத்தம். மீசை. மீசையின் மனைவி. அவள் தங்கை. தட்டுகள், முக்காலிகள், நடுவில் அண்டா. என் காலை மரியாதையாக நகர்த்திவிட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். என் வீட்டம்மா எதிர்வீட்டுக்காரியிடம் ஏதோ கேட்க, அவள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். பேசியதெல்லாம் அவர்கள் பாஷை!

"உனக்கெப்படி இந்த பாஷை தெரியும்?"

"மொட்டைமாடியில துணி காயப்போடுறப்போ கத்துக்கிட்டேங்க. நீங்க கதவைத்தானே சாத்தச் சொன்னீங்க? மாடிக்குக் கதவே இல்லையே."

"இவங்க எதுக்கு இங்க வந்திருக்காங்க?"

"அவங்க ஊர்ல வெறுங்கிண்ணம் திரும்பி வந்தா, 'பத்தலை, இன்னும் கொடு'ன்னு அர்த்தமாம். தொடாம திரும்பி வந்தா, 'தனியா சாப்பிடப் பிடிக்கலை, எல்லாரும் வாங்க'ன்னு அர்த்தமாம். இங்க வந்ததுலேருந்து இவங்களை யாருமே கூப்பிடலையாம். நீங்கதான் முதல்ல கூப்பிட்டிருக்கீங்க. அதுதான் அவர் கண் கலங்கிட்டார்."

அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? தட்டை நீட்டினேன். பாப்பா தவழ்ந்து போய் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். மனுஷன் வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பாட்டுப் பாடினார். அப்புறம் போனில் உலக வரைபடத்தைத் திறந்து, தன் ஊரைத் தொட்டுக் காட்டினார். அவர் விரலுக்கடியில் ஊரே மறைந்துபோனது. என் வீட்டம்மா சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட்டேன், விடை பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை பார்க்கும்போது அந்தப் பாட்டுத்தான் வாயில் வருகிறது. செய்தியில் எங்கெங்கோ மழை என்று சொல்லும்போது, விரலுக்கடியில் மறைந்த அந்த ஊரில் மழையா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். அங்கே எனக்குத் துணி காயவில்லைதான். ஆனால் அந்த ஊரிலேயே இருக்கிற மீசையின் அக்காவுக்குக் காய்கிறதே!

இருந்தாலும் வீட்டுத் தலைவன் என்று ஒன்று இருக்கிறது. போன வாரம் சொல்லிப் பார்த்தேன்:

"லீவு நாள்ல மட்டுமாவது கதவைச் சாத்தி வைப்போம். நான் தூங்கணும்."

"சாத்தலாங்க, அதுக்கென்ன? ஆனா அவங்க ஊர்ல பகல்ல கதவு சாத்தியிருந்தா, உள்ள யாருக்கோ உடம்பு முடியலைன்னு அர்த்தமாம். தேறுற வரைக்கும் குடும்பத்தோட வந்து தங்கிப் பார்த்துப்பாங்களாம்."

கதவைத் திறந்தே வைத்துவிட்டேன்.

அப்படியொரு வழக்கம் நிஜமாகவே அவர்கள் ஊரில் இருக்கிறதா என்று மீசையிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் துடிக்கிறேன். மொழிபெயர்க்க என் வீட்டம்மாவை விட்டால் ஆளில்லை.